எக்ஸ்-கதிர்த் துடிப்புக்கு நேரம் பார்ப்பது எப்படி?

ஒரு வினாடியை ஆயிரம் லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஃபெம்டோ வினாடி. அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தூரம் 0.3 மைக்ரான். சராசரி பாக்டீரியாவின் நீளம்கூட இல்லை.

கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள ஸ்லாக் ஆய்வகத்தில் 2009-இல் எல்.சி.எல்.எஸ். என்ற எக்ஸ்-கதிர் லேசர் ஒளிரத் தொடங்கியது. வடக்கும் தெற்குமாக மாறி மாறி அடுக்கிய காந்தங்களுக்கு இடையே, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் எலெக்ட்ரான் கூட்டம் பாய்கிறது. அது நெளிந்து செல்லும்போது எக்ஸ்-கதிர் பிறக்கிறது. பெரும்பாலும் சில ஃபெம்டோ வினாடி முதல் சில நூறு வரை நீடிக்கும் துடிப்புகள் அவை. படம்பிடிக்க வைத்த புரதப் படிகத்தையே சிதறடித்துவிடும் வலிமை அவற்றுக்கு உண்டு. அணுக்கள் இடம்பெயரும் முன்பே துடிப்பு முடிந்துவிட்டால் படம் தெளிவாகக் கிடைக்கும். நீண்டுவிட்டால் சிதைந்த வடிவம்தான் பதிவாகும். அதனால்தான் துடிப்பின் நீளம் தெரிந்தாக வேண்டும்.

அளப்பதில்தான் சிக்கல். மிக வேகமான மின்னணுக் கருவிக்கும் இவ்வளவு குறுகிய நேரம் எட்டாது. போதாக்குறைக்கு, எலெக்ட்ரான்களின் ஒழுங்கற்ற இரைச்சலிலிருந்துதான் இந்த ஒளி வளர்கிறது. எனவே ஒரு துடிப்பைப் போல இன்னொன்று இருப்பதில்லை. சராசரி எடுத்தால் பயனில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

ஒரு வழி, ஒளியை விட்டுவிட்டு எலெக்ட்ரான்களை விசாரிப்பது. எக்ஸ்-கதிரை உமிழ்ந்த எலெக்ட்ரான்கள் அந்த அளவுக்கு ஆற்றலை இழந்திருக்கும். காந்த வரிசையைக் கடந்ததும் ரேடியோ அலை நிரம்பிய ஓர் உலோக அறை அவற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. முன்னால் வந்தவை ஒரு பக்கம், பின்னால் வந்தவை மறுபக்கம். அடுத்துள்ள காந்தம் அவற்றை ஆற்றல்வாரியாக மேலும் கீழும் பிரிக்கிறது. திரையில் விழும் படத்தில் கிடைக்கோடு நேரம், செங்குத்துக்கோடு ஆற்றல். எந்தக் கணத்தில் ஆற்றல் குறைந்தது என்று பார்த்தால் துடிப்பின் வடிவம் புலப்படும். எக்ஸ்-கதிருக்கோ எந்தத் தொந்தரவும் இல்லை.

இன்னொரு வழி, மின்புலம் கடிகார முள்ளைப் போலச் சுழலும் அகச்சிவப்பு லேசரைப் பயன்படுத்துவது. எக்ஸ்-கதிர் வாயு அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பெயர்க்கிறது. பெயர்ந்த கணத்தில் லேசரின் மின்புலத்துக்கு எந்தத் திசையோ, அதைப் பொறுத்தே அவை உதைபடும் திசையும் அமைகிறது. 2018-இல் வெளியான ஆய்வில் வட்டமாக 16 உணரிகளை நிறுத்தி அந்தத் திசைகளைப் பதிவுசெய்தார்கள். மின்புலம் ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 35 ஃபெம்டோ வினாடி ஆகும். அதனால் ஓர் உணரிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 2 ஃபெம்டோ வினாடி சொச்சம்தான். எலெக்ட்ரான்களின் ஆற்றலையும் சேர்த்துக் கணக்கிட்டால் அதைவிட நுட்பமாகவும் அறியலாம். இதே உத்தியைக் கொண்டுதான், எல்.சி.எல்.எஸ். அரை ஃபெம்டோ வினாடிக்கும் குறைவான துடிப்புகளைத் தருகிறது என்று 2020-இல் நிறுவினார்கள்.

இனி 'மூலக்கூறின் அசைவைப் படம்பிடித்தார்கள்' என்ற செய்தியைப் படித்தால், துடிப்பை ஒவ்வொன்றாக அளந்தார்களா, சராசரியை வைத்துச் சொன்னார்களா என்றும் பாருங்கள். அந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம் என்பது அதைப் பொறுத்தது.