அணையாத பிரேக் லைட்: கோளாறு எங்கே?

வண்டியில் பிரேக் பிடித்திருக்கிறதா இல்லையா என்பது பிரேக் லைட்டுக்குத் தெரியாது. பெடலும் லீவரும் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிட்டனவா என்பதை மட்டுமே அதன் சுவிட்ச் அறியும். காலையும் கையையும் எடுத்த பிறகும் மோட்டார் சைக்கிளின் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருந்தால், தேடலை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு முன், எரிவது பிரேக் லைட்தானா என்று பார்ப்பது அவசியம். இந்தியாவில் 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரியும். பெரும்பாலானவற்றில் டெயில் லைட்டும் சேர்ந்தே எரியும். அது கோளாறு அல்ல. சாதாரண பல்பு உள்ள வண்டியில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். டெயில் லைட்டுக்கு 5 வாட் இழை, பிரேக்குக்கு 21 வாட் இழை. சில சிறிய வண்டிகளில் 10 வாட். என்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, வண்டியின் பின்புறத்தை ஒரு சுவரை நோக்கி நிறுத்த வேண்டும். எதையும் தொடாதபோதே சுவரில் அடர்ந்த சிவப்பு விழுந்து, பிரேக்கை மிதித்தாலும் அது மாறவில்லை என்றால், எரிவது பிரேக் லைட்தான்.

சிறிய கோளாறுதானே என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. எப்போதும் எரியும் பிரேக் லைட்டும் எப்போதும் எரியாத பிரேக் லைட்டும் பின்னால் வரும் பேருந்து ஓட்டுநருக்கு ஒன்றுதான். முன்னே போகும் வண்டி வேகம் குறைக்கும் கணம் அவருக்குத் தெரியாமலே போகும். பேட்டரிக்கும் இது கேடு. 21 வாட் இழை 12 வோல்ட்டில் சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். என்ஜினை அணைத்துவிட்டு சாவியை ஆனிலேயே விட்டால், 5 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மணி நேரம்கூடத் தாங்காது.

மின்சாரம் போகும் வழி எளிமையானது. பேட்டரி, பியூஸ், சாவி சுவிட்ச் ஆகியவற்றைக் கடந்து வரும் மின்சாரம் இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஒன்று முன் பிரேக் லீவரில் உள்ள சுவிட்சுக்கும், மற்றொன்று பின் பிரேக் பெடல் அருகே உள்ள சுவிட்சுக்கும் போகிறது. இரண்டிலிருந்தும் வெளியேறும் வயர்கள் ஒன்றாகச் சேர்ந்து பல்புக்குச் செல்கின்றன. எந்த ஒரு சுவிட்ச் இணைந்தாலும் விளக்கு எரியும். அதனால் விளக்கு அணையாமல் இருக்க, ஒரு சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலே போதும்.

எந்தச் சுவிட்ச் என்று கண்டுபிடிக்க, கழற்றிப் பார்ப்பதே விரைவான வழி. சாவி ஆனில் இருக்க, பின் சுவிட்சின் கப்ளரைக் கழற்ற வேண்டும். விளக்கு அணைந்தால் கோளாறு பின்பக்கம். அணையாவிட்டால் முன் சுவிட்சின் வயரையும் பிடுங்கிப் பார்க்க வேண்டும். அப்போது அணைந்தால் கோளாறு முன்பக்கம். இரண்டையும் கழற்றிய பிறகும் எரிந்தால், சுவிட்சுகள் மேல் பழி இல்லை. வயரிலோ பல்பிலோ தேட வேண்டும்.

பெரும்பாலும் பிடிபடுவது பின் சுவிட்ச்தான். வலது பக்கம், பெடலுக்கு மேலே, ஃபிரேமோடு ஒட்டினாற்போல் அது இருக்கும். கட்டைவிரல் அளவு கறுப்பு பிளாஸ்டிக் உடல். அதன் கழுத்தைச் சுற்றி மரை. மரையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் நட்டு. சுவிட்சின் அடியிலிருந்து ஒரு மெல்லிய ஸ்பிரிங் இறங்கி பெடலில் கொக்கி போட்டிருக்கும். பெடலை மிதித்தால் ஸ்பிரிங் இழுபட்டு, உள்ளே இருக்கும் கம்பியைக் கீழே இழுத்து, விளக்கை எரியச் செய்யும். சேறும் தூசியும் நேராக வந்து விழும் இடம் அது. வாட்டர் வாஷ் செய்யும்போது பீய்ச்சப்படும் தண்ணீர், அந்தச் சேற்றை உள்ளேயே தள்ளிவிடுவதும் உண்டு.

இங்கே பலர் செய்யும் தவறு, எடுத்த எடுப்பில் அந்த நட்டைத் திருகுவது. முதலில் பார்க்க வேண்டியது பெடல். கையால் அழுத்திவிட்டால் அது சட்டென்று மேலே எழ வேண்டும். மெதுவாக எழுந்தாலோ, கையால் தூக்கினால்தான் முழுவதும் எழுகிறது என்றாலோ, சுவிட்ச் சரியாகவே வேலை செய்கிறது. பெடல் பாதி மிதிபட்ட நிலையில் நிற்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. பெடல் சுழலும் தண்டு கிரீஸ் இல்லாமல் துருப்பிடித்திருக்கலாம். திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கொக்கி விட்டிருக்கலாம். வண்டி ஒருமுறை வலப்பக்கம் விழுந்திருந்தால் பெடல் வளைந்து எங்காவது உரசிக்கொண்டிருக்கலாம். இந்த நிலையில் நட்டைத் திருகி விளக்கை அணைத்துவிட்டால், பிரேக் ஷூ டிரம்மில் தேய்ந்துகொண்டே ஓடும் வண்டியின் ஒரே எச்சரிக்கையும் போய்விடும். சிறிது தூரம் ஓட்டிய பின் டிரம் அருகே கையைக் கொண்டுபோனாலே சூடு தெரியும். தொட்டுப் பார்க்க வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அது தாராளமாகச் சுழல வேண்டும். தண்டைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் பூசுவது அரை மணி நேர வேலை.

பெடல் சரியாக எழுந்தும் விளக்கு அணையவில்லை என்றால்தான் நட்டின் முறை வரும். சுவிட்ச் உடலை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். உடலைச் சுழற்றினால் மேலே உள்ள வயர் முறுக்கிக்கொண்டு அறும். உடல் கீழே இறங்க இறங்க ஸ்பிரிங் தளர்ந்து, விளக்கு தாமதமாக எரியும். மேலே ஏற ஏற முன்கூட்டியே எரியும். டிரம் பிரேக் வண்டிகளில் பெடலின் வெற்று ஆட்டம் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கும். அந்த ஆட்டம் முடிந்து பிரேக் பிடிக்கத் தொடங்கும் தறுவாயில் விளக்கு எரிவதே சரியான அளவு. காலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பெடலின் உயரத்தைத் தாழ்த்தியிருந்தால், ஸ்பிரிங் எப்போதும் இழுபட்டு நிற்கும். அப்போதும் நட்டைச் சரிசெய்தே ஆக வேண்டும். எவ்வளவு தளர்த்தினாலும் அணையாத சுவிட்சுக்கு உள்ளே கம்பி ஒட்டிக்கொண்டது என்று பொருள். அதை மாற்றுவதே நல்லது.

நிறுத்தினால் அணைகிறது, ஓடும்போது மட்டும் எரிகிறது என்றால் ஓட்டுபவரின் வலது காலைக் கவனிக்க வேண்டும். ஃபுட்ரெஸ்டில் இருக்க வேண்டிய பாதத்தின் நுனி பெடல் மேல் தங்கியிருக்கும். பழகிப்போனவருக்கு அது உறைக்காது. பின்னால் வரும் இன்னொரு வண்டிக்காரர் சொன்னால்தான் தெரியும்.

முன் சுவிட்ச் சிறியது. லீவர் பொருந்தும் இடத்தில், அடியில் ஒளிந்திருக்கும். கேபிள் வைத்த டிரம் பிரேக்கில் பெரும்பாலும் ஒரு சிறு குமிழ் இருக்கும். லீவர் ஓய்வில் இருக்கும்போது அதை அழுத்தி வைத்திருக்கும். பிடித்தால் குமிழ் வெளியே வந்து விளக்கு எரியும். தூசி அடைத்தோ லீவர் தேய்ந்தோ குமிழ் முழுவதும் அழுந்தாவிட்டால் விளக்கு அணையாது. டிஸ்க் பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டருக்கு அடியில் மைக்ரோ சுவிட்ச் இருக்கும். லீவரை மெல்லப் பிடித்து விடும்போது ‘டிக்’ என்ற ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பலமுறை இயக்கிப் பார்க்கலாம். அலங்காரத்துக்காக லீவரை மாற்றிய வண்டிகளில், புதிய லீவரின் வடிவம் சுவிட்சோடு பொருந்தாமல் போவது ஒரு காரணம். ஸ்கூட்டரில் இரண்டு சுவிட்சுகளும் ஹேண்டில் பாரிலேயே இருக்கும். இடது லீவரைப் பூட்டி வைக்கும் கொக்கி உள்ள ஸ்கூட்டரில், அதை விடுவிக்க மறந்திருந்தாலும் விளக்கு எரியும்.

இனி வயர். சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் வயர், ஹோண்டா வழி வந்த வண்டிகளில் பச்சையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். அதன் தோல் உரிந்து ஃபிரேமில் பட்டால், பிரேக் பிடித்ததும் பியூஸ் போகும். ஆனால் பக்கத்தில் ஓடும் மின்சாரமுள்ள கறுப்பு வயரில் பட்டால் பியூஸ் போகாது. சுவிட்சே இல்லாமல் விளக்கு எரியும். ஹேண்டில் திரும்பும்போது வயர் மடங்கும் கழுத்துப் பகுதி, சீட்டுக்கு அடியில் மட்கார்டோடு உரசும் இடம், அலாரமோ கூடுதல் விளக்கோ பொருத்தும்போது தோலைச் சீவி முறுக்கிய இடம் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பும்போது விளக்கு விட்டு விட்டு எரிந்தால் கோளாறு கழுத்தில்.

பல்பிலும் பிழை இருக்கலாம். இரட்டை இழை பல்பின் இரு பக்க முளைகள் ஒரே உயரத்தில் இருக்காது. தலைகீழாகப் போட முடியாதபடி செய்த ஏற்பாடு அது. வலுக்கட்டாயமாகத் திணித்தால் இழைகள் இடம் மாறி, டெயில் லைட் எரிய வேண்டிய நேரமெல்லாம் பிரேக் இழை எரியும். அறுந்த இழை ஒன்று மற்றதன் மேல் விழுந்து ஒட்டினாலும் இப்படியே ஆகும். இரண்டுக்கும் அடையாளம், டெயில் லைட் போட்டால் மட்டுமே கோளாறு தெரிவது.

பழுது பார்த்த பின் மறுபடியும் சுவர் முன்னே நிறுத்தி, முன் பிரேக்கைத் தனியாகவும் பின் பிரேக்கைத் தனியாகவும் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் எரிந்து, இரண்டிலும் விட்டதும் அணைய வேண்டும். நேரமில்லை என்று கப்ளரைக் கழற்றிவிட்டோ பல்பைப் பிடுங்கிவிட்டோ சமாளிக்கும் வண்டியை, சரிசெய்யும் வரை இரவில் சாலைக்குக் கொண்டுவர வேண்டாம்.