ஸ்டீயரிங் உதறினால் எங்கே பார்ப்பது?
உயரம் கூட்டிய வண்டி வைத்திருக்கும் வணிகர்கள் கவனத்திற்கு

வியாபாரிக்கு வண்டி என்பது இன்னொரு கடை. கடையில் கதவுப் பூட்டு பழுதானால் அன்றே சரி செய்கிறோம். வண்டியில் ஸ்டீயரிங் உதறினால் மட்டும் "ஓடுகிறவரை ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறோம். இந்தப் பழக்கம் ஆபத்தானது என்பதாலேயே இக்கட்டுரை.

மஞ்சக்குப்பத்திற்குத் தெற்கே கெடிலம், வடக்கே தென்பெண்ணை. 2011 தானே புயல், 2015 பெருமழை, 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரைபுரண்டு வந்த வெள்ளம் ஆகியவற்றை நம் பகுதி மறக்காது. தண்ணீரில் நின்று கெட்ட வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு, வண்டியைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டால் என்ன என்று தோன்றுவது இயற்கை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு மணலில் இறங்கிக் கொள்முதல் செய்பவர்கள் ஜீப்பை உயர்த்திப் பெரிய டயர் போடுகிறார்கள். மூட்டை கூடுதலாக ஏற்ற வேண்டும் என்று மினி லாரிக்குக் கமான் பட்டை கூட்டுபவர்களும் உண்டு. நோக்கம் வேறானாலும் இரண்டின் பின்விளைவும் ஒன்றே. ஆலப்பாக்கம் தாண்டிச் சிதம்பரம் சாலையில் வேகம் எடுக்கும்போது ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறத் தொடங்குகிறது.

மூன்று வகை உதறல்

உதறல் எப்போது வருகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒன்று, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் வந்து, அதைத் தாண்டினால் குறைவது. இது பெரும்பாலும் டயர், ரிம், வீல் பேலன்ஸ் சம்பந்தப்பட்டது. ரிம்மின் உட்புறம் ஒட்டிக் காய்ந்த சேறுகூட இதற்குப் போதும்.

இரண்டு, பிரேக் மிதித்தால் மட்டும் வருவது. இதற்குப் பிரேக் டிரம் அல்லது டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

மூன்று, பாலத்தின் இணைப்பிலோ பள்ளத்திலோ ஒரு சக்கரம் இறங்கியவுடன் தொடங்கி, வேகத்தை வெகுவாகக் குறைத்தால்தான் நிற்பது. அமெரிக்க ஜீப்காரர்கள் இதை 'டெத் வாபிள்', அதாவது மரண உதறல் என்கிறார்கள். முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே கட்டை ஆக்சிலில் பூட்டப்பட்ட வண்டிகளுக்கு உரிய நோய் இது. பழைய மகிந்திரா ஜீப்புகள், மாருதி ஜிப்ஸி, 1986-ல் வந்த டாட்டா 407, 2005-ல் வந்த டாட்டா ஏஸ் ஆகியவை இந்த அமைப்பு கொண்டவை.

உயர்த்திய வண்டிக்கு ஏன் அதிகம்?

கிடங்கில் மூட்டை தள்ளும் டிராலியைப் பார்த்திருப்பீர்கள். அதன் முன்சக்கரம் சில நேரம் படபடவென்று இருபுறமும் அடித்துக்கொள்ளும். அதைத் தாங்கும் முளை தேய்ந்தாலோ வேகம் கூடினாலோ அடிப்பும் கூடும். வண்டியிலும் இதுவே நடக்கிறது.

முன்சக்கரம் திரும்புவதற்கான கிங் பின் செங்குத்தாக நிற்பதில்லை. அதன் தலை சில டிகிரி பின்பக்கம் சாய்ந்திருக்கும். இதற்குக் 'கேஸ்டர்' என்று பெயர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதற்காகவே. ஸ்டீயரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது இந்தச் சாய்வுதான். முன் கமானின் ஷாக்கிளை நீளமாக மாற்றி ஜீப்பை உயர்த்தும்போது ஆக்சில் சற்றுப் புரண்டு இந்தச் சாய்வு குறைகிறது.

மினி லாரியில் பின்பக்கம் மட்டும் பட்டை கூட்டினாலும் இதே கதைதான். முன்னும் பின்னும் உள்ள சக்கரங்களுக்கு இடையே இரண்டு மீட்டர் சொச்சம் உள்ள சிறு வண்டியில், பின்புறம் 5 செ.மீ. உயர்ந்தாலே சாய்வு ஒரு டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். சரக்கோடு போகும்போது பின்புறம் அமுங்குவதால் ஒழுங்காக ஓடும் வண்டி, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது உதறுவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது டிராக் லிங்க். சேசிஸ் உயர்ந்தால், ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இந்தக் கம்பி செங்குத்துச் சரிவாகிறது. பள்ளத்தில் கமான் ஏறி இறங்கும்போதெல்லாம் அது சக்கரத்தைத் தானாகத் திருப்புகிறது. கனமான பெரிய டயரும் சேர்ந்தால், சிறிது தேய்ந்த மூட்டுகளின் ஆட்டம் பல மடங்காகத் தெரியும்.

செலவில்லாததில் தொடங்குங்கள்

பலரும் முதலில் புது டயர் வாங்குகிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் பாருங்கள்.

1. காற்று அளவு. முன் டயர் இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். வீல் நட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள்.

2. முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றி ஓட்டுங்கள். உதறல் மாறினால் குறை டயரில் அல்லது ரிம்மில் உள்ளது. பேலன்சிங் செய்தால் போதுமா என்று பாருங்கள்.

3. வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்டட்டும். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சின் ஓடட்டும். வண்டி நகராதபடி கட்டை கொடுத்துவிடுங்கள். இன்னொருவர் டை ராடு எண்ட், டிராக் லிங்க், டிராப் ஆர்ம், ஸ்டீயரிங் பெட்டியின் போல்ட் ஒவ்வொன்றிலும் கைவைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பாகம் அசைந்து அடுத்த பாகம் அசையாமல் நின்றால், இடையில் உள்ள மூட்டு தேய்ந்தது.

4. முன்புறம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின்.

5. யு போல்ட், ஷாக்கிள் புஷ், சென்டர் போல்ட். பட்டை கூட்டிய வண்டியில் யு போல்ட் சில நூறு கிலோமீட்டரில் தளரும். மீண்டும் இறுக்குவது கட்டாயம்.

6. இவை எல்லாம் சரியான பிறகே அலைன்மெண்ட் கடை. டோ-இன் மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல் கேஸ்டரையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் கமானுக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம். நான்கு சக்கர இழுவை வண்டியில் இதனால் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் மாறும் என்பதை மெக்கானிக் கவனிக்க வேண்டும்.

ஸ்டீயரிங் டாம்பர் மருந்தல்ல

டாம்பர் போட்டதும் உதறல் அடங்கும். தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருக்கும். டாம்பர் களைத்ததும் உதறல் திரும்பும். அதற்குள் மூட்டு கழன்றுவிடும் நிலைக்கு வந்திருக்கலாம். உதிரிபாகம் விற்கும் நம் உறுப்பினர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. டாம்பர் மட்டும் கேட்டு வருபவரிடம் "மூட்டுகளைப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு விற்பனை குறைந்தாலும் ஒரு வாடிக்கையாளர் நிலைப்பார்.

சட்டமும் பார்க்க வேண்டும்

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இந்தக் கேள்வி எழக்கூடும். ஆகவே உயரம் கூட்டிய வண்டியைப் பழைய அமைப்புக்கே கொண்டுவருவதும் உதறலுக்கு ஒரு நல்ல சிகிச்சைதான் என்பதை நினைவூட்டுகிறோம்.

ஓட்டும்போது உதறினால்

பதறி பிரேக்கை அழுத்த வேண்டாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, வேகம் தானாகக் குறையவிட்டு ஓரமாக நிறுத்துங்கள். அடுத்த சரக்கு ஏற்றும் முன் மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள்.

வண்டியைப் பெரும்பாலும் ஓட்டுவது முதலாளி அல்ல. நம்மிடம் சம்பளம் வாங்கும் டிரைவர் தம்பி. "உதறுதுங்க" என்று அவர் சொன்னால், அன்றைக்கே சாவியை வாங்கி வைத்துவிட்டு வண்டியைப் பட்டறைக்கு அனுப்புங்கள். ஒரு நாள் சரக்கு தாமதமானால் மறுநாள் ஈடுகட்டலாம். அந்தக் குடும்பத்தின் இழப்பை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது.