ஊர்க்கூட்டம் அல்ல, கிராம சபை



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஊராட்சி ஒன்றியங்களின் சிற்றூர்களில் இரண்டு விதமான கூட்டங்கள் நடக்கின்றன. ஒன்று ஊர்க்கூட்டம். அது சாதியால் கூடுவது. காலனிக்கு அதில் இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. மற்றொன்று கிராம சபை. அது வாக்காளர் பட்டியலால் கூடுவது. பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாருடைய அழைப்பும் அனுமதியும் தேவையில்லை.

இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அரசியலின் அடிப்படை அலகாக ஏற்க மறுத்தார்; தனிமனிதரையே அலகாகக் கொண்டார். அவருடைய ஐயம் பொய்க்கவில்லை. 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்டோர் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர்கள் முறையாகப் பொறுப்பில் இருக்க முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி. இடஒதுக்கீடு நாற்காலியைத் தருகிறது; கணக்கைக் கேட்கும் வேலை நம்முடையது. அதற்கான கருவிதான் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் தந்த கிராம சபை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். குறைவெண் விதி தெளிவானது: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக் கூட்டம் நடந்ததாக எழுதுவது இந்த விதியைக் கொல்வதாகும்.

இடமும் அரசியல்தான். மதச்சார்புள்ள வளாகத்தில் கூட்டக் கூடாது, குடியிருப்புகளுக்கிடையே சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பது ஊரக வளர்ச்சித் துறையின் அறிவுறுத்தல். கோயில் வாசலில் கூட்டினால் நம் மக்கள் ஓரமாக நிற்பார்கள். காலனியில் கூட்டினால் அதிகாரிகள் நம் தெருவின் சாக்கடையைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும்.

கூட்டத்தில் கோபம் மட்டும் போதாது. வரவு செலவைக் காட்டும் படிவம் 30 வைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். சுடுகாட்டுப் பாதை, குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு எனக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறி, வாசிக்கப்பட்ட பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்துடன், அந்தத் தீர்மானத்தின் நகலையும் செலவுச் சீட்டுகளையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். தனியாக மனுப் போடுபவரை மிரட்டுவது எளிது. ஆகவே ஒரே கேள்வியைப் பத்துப் பேர், குறிப்பாகப் பெண்கள், தனித்தனியே கேட்கட்டும்.

நகராட்சியில் வசிப்போருக்கு 2022 முதல் பகுதி சபைகள் உண்டு. தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளின் கேள்விகள் அங்கே எழ வேண்டும்.

நம் மாவட்ட ஊராட்சிகளில் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்திலும் கிராம சபை இருக்கிறது. அதற்குப் பதவிக்காலம் கிடையாது. நினைவேந்தலுக்குக் கூடிய நாம், அடுத்த கிராம சபைக்கும் இதே எண்ணிக்கையில் கூடுவோம்.

ஜெய் பீம்.