வெளிச்சம் பிடித்தவர்கள் – 9: பாடியை மாற்றலாமா?

ஆடித்தபசு முடிந்த கையோடு சங்கரன்கோவில் ஸ்டூடியோக்களில் ஒரு பேச்சு அடிபடும்: இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பழைய கேமராவை வைத்து ஓட்டுவது?

காட்சி நேரம் அப்படி. கோமதி அம்மன் தவமிருக்க, சுவாமி சங்கரநாராயணராக வந்து காட்சி கொடுப்பது பொழுது சாயும் வேளையில். பருத்தி, வத்தல் என்று விளைந்ததை விவசாயிகள் சப்பரத்தை நோக்கி வீசுவார்கள். வீசும் கையும் சுவாமியும் ஒரே படத்தில் விழ வேண்டும். பிளாஷ் அடித்தால் முன்னால் நிற்பவர் பிடரி பளிச்சென்று வரும், சுவாமி இருட்டுக்குள் போய்விடுவார். யாஷிகா காலத்தில் 120 ரோலுக்கு 12 படம்தான். ஒன்று தேறினாலே போதும் என்றிருந்தார்கள்.

இன்றைய மிரர்லெஸ் இந்த இருட்டில் கெட்டிக்காரத்தனம் காட்டும், மறுப்பதற்கில்லை. ஐஎஸ்ஓ 6400 வைத்தாலும் படம் அவ்வளவாகப் பொரிவதில்லை. கண்ணைத் தேடி ஃபோகஸ் தானே போய் உட்காருகிறது. ஆனால் பாடியைக் குறை சொல்லுமுன் லென்ஸைப் பாருங்கள். கேமராவோடு வந்த 18-55, கடைசி முனையில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 50 எம்எம் எஃப் 1.8 அதைவிட 9 மடங்குக்கும் கூடுதலாக வெளிச்சத்தை உள்ளே விடும். விலையோ புதுப் பாடியில் சிறு பங்கு.

புதுசு என்றாலே மேல் என்பதும் கிடையாது. 2010-இல் வந்த நிகான் டி7000-இல் இரண்டு கார்டு போடலாம். 2018-இல் அதைவிடக் கூடுதல் விலையில் வந்த இசட்6-இல் ஒன்றே ஒன்று! 2020-இல் இசட்6 II வந்த பிறகுதான் இரண்டாவது கார்டுக்கு இடம் கிடைத்தது. தாலிகட்டை மறுபடி எடுக்க முடியாது. கார்டு மக்கர் செய்தால் பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது?

சத்தமில்லாத ஷட்டரிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பெரும்பாலான சென்சார்கள் படத்தை வரிவரியாகத்தான் படிக்கும். மண்டபத்தில் மாட்டியிருக்கும் மலிவான எல்இடியோ நொடிக்கு 100 முறை மினுங்கும். மணப்பெண் முகத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்த பிறகு, பழையபடி ‘டப்’ சத்தத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

பழைய லென்ஸ் கைவசம் இருக்கிறதே, பாடி மட்டும் வாங்கினால் போதும் என்ற கணக்கும் உதைக்கும். நிகானின் பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸை எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக இசட் பாடியில் மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் திருக வேண்டும்.

இன்னொன்று. ஆடியில் முகூர்த்தம் இல்லை, வரும்படியும் இல்லை. சும்மா இருக்கும் மாதத்தில்தான் தவணை விளம்பரம் கண்ணில் பெரிதாகப் படும். ஆவணி பிறக்கட்டும். இரண்டு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்து அடித்துப் பாருங்கள். ஆல்பத்தைப் புரட்டும்போது வித்தியாசம் உங்களுக்கு மட்டும் தெரிகிறதா, வீட்டாருக்கும் தெரிகிறதா என்று கவனியுங்கள்.

மாற்றியே ஆக வேண்டிய கட்டமும் உண்டு. நிகான் டி3200-இன் ஷட்டர் 1 லட்சம் படத்துக்குச் சோதிக்கப்பட்டது. கல்யாணத்துக்கு 2,000 படம் என்றால் 50 கல்யாணத்தில் கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகும் ஓடலாம். ஆனால் அதை மட்டும் நம்பி மணவறைக்குப் போகாதீர்கள். புதுசு வாங்கினாலும் பழையதைச் சல்லிசாகத் தள்ளிவிடாமல் பையிலேயே போட்டு வையுங்கள்.

(அடுத்த வாரம்: பரணில் கிடக்கும் நெகட்டிவ்களை என்ன செய்வது?)