வெப்பத்தை வென்ற கண்ணாடி

ஒரு மீட்டர் நீள அலுமினியச் சட்டம் ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 23 மைக்ரான் நீளும். ஜன்னல் கண்ணாடி ஏறத்தாழ 9 மைக்ரான். ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள ஷாட் நிறுவனம் 1968-ல் உருவாக்கிய ஸெரோடூர், அதன் உயர்ந்த ரகத்தில், 0.02 மைக்ரானைத் தாண்டுவதில்லை. தொலைநோக்கி ஆடிக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது.

லித்தியம், அலுமினியம், சிலிக்கன் ஆக்சைடுகளை உருக்கி வார்த்து, ஆறியபின் மீண்டும் பக்குவமாகச் சூடாக்குகிறார்கள். கண்ணாடிக்குள் சில பத்து நானோமீட்டர் அளவில் குவார்ட்ஸ் வகைப் படிகங்கள் முளைத்து, எடையில் 70 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொள்கின்றன. சூட்டில் படிகம் சுருங்கும், மீதிக் கண்ணாடி விரியும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. எத்தனை நேர்த்தியான சமரசம்!

ஆனால் இந்தச் சமரசம் வெப்பத்துக்கு மட்டும்தான். விண்வெளியில் எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் ஓயாமல் வந்து மோதுகின்றன. அவை அணுப் பிணைப்புகளைக் குலைக்கும்போது, தளர்வாக இருந்த அமைப்பு நெருக்கமாக மறுபடி அடுக்கிக்கொள்கிறது. பொருள் மிகச் சிறிதளவு அடர்ந்து சுருங்குகிறது, நிறமும் பழுப்பேறுகிறது. நிறம் மாறுவதில் பெரிய நஷ்டமில்லை, ஏனென்றால் ஒளியைத் திருப்புவது மேலே பூசிய உலோகம்.

சுருக்கம்தான் தொல்லை. ஆடி முழுவதும் ஒரே சீராகச் சுருங்கினால் வடிவம் அநேகமாகத் தப்பிவிடும். ஆனால் 10 லட்சம் எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரான் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் நின்றுவிடுகிறது. விண்வெளியைப் பார்த்த முகம் சுருங்க, பின்புறம் அப்படியே இருக்கிறது. ஒருபக்கம் மட்டும் காய்ந்த பலகைபோல ஆடி வளைகிறது. சில பத்து நானோமீட்டர் பிசகினாலே பிம்பம் கெட்டுவிடும்.

ஆகவே வடிவமைப்பாளர்கள் சுற்றுப்பாதையில் சேரப்போகும் கதிர்வீச்சை முன்கூட்டியே கணக்கிட்டு, கவசம் கொடுக்கிறார்கள், தடிமனை முடிவுசெய்கிறார்கள். தடித்த ஆடி குறைவாக வளையும். ஆனால் ராக்கெட்டுக்கு ஒவ்வொரு கிலோவும் சுமை. விண்வெளி ஆடிக் கலையின் கடினமான பேரம் இதுதான் என்பேன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999-ல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கியில் எட்டு ஸெரோடூர் ஆடிகள் இருக்கின்றன. பெரியதன் விட்டம் 1.2 மீட்டர். அதன் நீள்வட்டப் பாதை, பூமியைச் சூழ்ந்த வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்களை மீண்டும் மீண்டும் கடக்கிறது. கால் நூற்றாண்டு கடந்தும், ஒரு டிகிரியை 7,200 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு இடைவெளியில் இருக்கும் இரு புள்ளிகளை அந்த ஆடிகளால் பிரித்துக் காட்ட முடிகிறது.