பழைய ஒயில் பில்டரை வீச முன் வெட்டிப் பாருங்கள்

கடைக்குச் சாமான் ஏற்றும் வேனோ லொறியோ ஒரு கிழமை கராஜில் நின்றால் வியாபாரம் என்னவாகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கூலி வாகனத்துக்குக் கொடுக்கும் பணம் ஒருபுறம், கைநழுவும் வாடிக்கை மறுபுறம். எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால் அதைச் சரிபார்க்க நம்மிடம் வழியில்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். சேர்விஸின்போது கழற்றி வீசும் ஒயில் பில்டரே அதற்கு ஒரு வழி.

எஞ்சினுக்குள் தேய்ந்து விழும் உலோகத் துகள்கள் ஒயிலோடு ஓடி, பில்டரின் மடிப்புக் கடதாசியில் சிக்கி நிற்கும். சிறிய விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்களில் ஒயில் மாற்றும்போது பில்டரை வெட்டிப் பார்ப்பது வழமை.

எனது வேனுக்கு நான் செய்விப்பது இதுதான். பில்டரை இரவு முழுவதும் கவிழ்த்து வைத்து ஒயிலை வடிய விடுவோம். இரும்பு வாளோ கிரைண்டரோ கூடாது. அவை உண்டாக்கும் தூள் உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றிவிடும். சில்லுச் சுற்றி வெட்டும் பில்டர் கட்டர்தான் சரி. பிறகு கடதாசியைக் கத்தியால் வெட்டியெடுத்து, வைஸில் அழுத்திப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பார்க்க வேண்டும்.

கறுப்பாக இருந்து, விரலால் நசுக்கினால் பொடிந்தால் அது கரி. பயமில்லை. றப்பர் போன்ற துண்டுகள் பெரும்பாலும் கஸ்கட் பசை. பொலித்தீனில் சுற்றிய காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ரிங், சிலிண்டர், கேம் போன்றவற்றிலிருந்து வந்திருக்கலாம். ஒட்டாத வெள்ளி நிறத் துகள் பிஸ்டனிலோ பெயாரிங்கிலோ இருந்து வரும். செம்பு நிறம் தெரிந்தால் பெயாரிங்கின் மேற்பூச்சுத் தேய்ந்திருக்கலாம்.

ஊசிமுனை அளவில் சில துகள்கள் இருப்பது சாதாரணம். நகத்தில் தட்டுப்படும் செதில்கள் இருந்தால், அல்லது தட்டும் சத்தத்தோடு ஒயில் லைட்டும் எரிந்தால், வாகனத்தை ஓட்டக் கூடாது. அந்த நிலையில் பெயாரிங் மாற்றுவதோடு முடியும் செலவு, தொடர்ந்து ஓட்டினால் கிராங்க் வரை போய்விடும்.

ஒரு தடவை பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கடதாசியில் ஒரு துண்டை உறையில் போட்டு, திகதியும் கிலோமீற்றரும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு சேர்விஸிலும் துகள் கூடுகிறதா என்பதுதான் கேள்வி. மிக நுண்ணிய தூளைப் பில்டர் பிடிக்காது என்பதால், சுத்தமான கடதாசி முழு உத்தரவாதமும் அல்ல.

பாவித்த வாகனம் வாங்குவோருக்கும் இது உதவும். ஆனால் பில்டர் எப்போது மாற்றப்பட்டது என்று முதலில் கேளுங்கள். நேற்றுப் பூட்டிய பில்டர் எதையும் சொல்லாது.

வடித்த ஒயிலைக் கானில் ஊற்றாமல் சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். பில்டர் கட்டர் ஒன்றின் விலை, ஒரு எஞ்சின் வேலையின் செலவோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை.