குவார்ட்டர் கவுன்டரில் பரிந்துரைக்கு ஏன் இடமில்லை?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு மதுக்கடையைப் பத்திப் பேசப் போறோம். குடிங்கன்னு சொல்ல வரல, குடிக்காதீங்கன்னு பிரசங்கம் பண்ணவும் வரல. கேள்வி ஒண்ணுதான். கடைக்கு வர்றவர்கிட்ட ரெண்டு வார்த்தை விசாரிச்சு, "உங்களுக்கு இது ஒத்துவரும்"னு எடுத்துக் கொடுக்கிற வேலை உலகத்துல நிறைய ஊர்ல இருக்கு. நம்ம ஊர்ல அது ஏன் இல்ல?

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஷிஃப்ட் முடியுற நேரத்துல டாஸ்மாக் கவுன்டரைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். முன்னாடி கம்பி, அதுல ஒரு சின்ன இடைவெளி, அதுக்குள்ள நாலஞ்சு கை. "அண்ணே, ஒரு குவார்ட்டர்." "எதுப்பா?" "இருக்கிறதுல கம்மி விலை எதுவோ அதைக் குடுங்க." அவ்வளவுதான் உரையாடல்.

ஆன்லைன் கடைகள்ல "உங்களுக்குப் பிடிக்கலாம்"னு ஒரு பட்டியல் வருமில்லையா? அந்த மாதிரி ஒரு சிஸ்டம் வேலை செய்ய மூணு விஷயம் வேணும். என்னென்ன சரக்கு இருக்கு, அது ஒவ்வொண்ணும் என்ன குணம்ங்கிற விவரம். வாங்குறவருக்கு என்ன பிடிக்கும்ங்கிற விவரம். மூணாவது, போன தடவை வாங்கினது எப்படி இருந்துச்சுன்னு திரும்பி வர்ற பதில். கடைக்காரர் மனுஷனா இருந்தாலும் கணக்கு இதேதான். நம்ம கவுன்டர்ல மூணுமே இல்ல.

டாஸ்மாக் நிறுவனம் 1983-ல மொத்த விற்பனைக்காக ஆரம்பிச்சது. 2003 நவம்பர் 29-லிருந்து சில்லறை விற்பனையும் அதுக்கே வந்துடுச்சு. கடையில இருக்கிற மேற்பார்வையாளரும் விற்பனையாளரும் தொகுப்பூதியத்துல வேலை செய்றவங்க. மதியம் 12-லிருந்து ராத்திரி 10 வரைக்கும் கூட்டத்தைச் சமாளிக்கிறதே அவங்களுக்குப் பெரிய வேலை. பாட்டிலைக் கையில எடுத்து லேபிள் படிச்சுப் பார்க்கிற வசதி மால்ல இருக்கிற எலைட் கடைகள்லதான் உண்டு. மதுவுக்கு டிவியில விளம்பரம் பண்ணவும் கூடாது. அதே பேர்ல சோடா விளம்பரம்தான் வரும். ஆக, வாங்குறவருக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு: பிராண்ட் பேரும் விலையும்.

சரி, நல்ல கடைக்காரர் ஒருத்தர் இருந்தா என்ன கேட்பார்?

முதல் கேள்வி, "என்ன சாப்பிடப் போறீங்க?" வாயில சூட்டை உணர்ற நரம்பு முனைகளைத்தான் மிளகாய் தூண்டுது. ஆல்கஹாலும் அதையேதான் தூண்டும். அதனால காரமான சிக்கன் வறுவலோட சூடான சரக்கு சேர்ந்தா எரிச்சல் கூடும். துவர்ப்பு அதிகமா இருக்கிற சிவப்பு ஒயினும் காரத்துக்கு ஆகாது. ஆல்கஹால் குறைஞ்ச, லேசா இனிப்பு இருக்கிற வெள்ளை ஒயின் பொருந்தும். பொரிச்ச மீனுக்குப் புளிப்பு தூக்கலா இருக்கிற வெள்ளை ஒயின் நல்லா இருக்கும். மீன் மேல எலுமிச்சை பிழியறோமே, அதே காரணம்தான்.

ரெண்டாவது, "இது எதுலேர்ந்து செஞ்சதுன்னு தெரியுமா?" நம்ம ஊர்ல மலிவா கிடைக்கிற பிராந்தி, ரம், விஸ்கி பலதுக்கும் அடிப்படை ஒண்ணுதான்: கரும்பு ஆலையில மிஞ்சுற மொலாசஸ்லேர்ந்து வடிச்ச சாராவி. நிறமும் வாசனையும் அப்புறம் சேர்க்கிறது. முளைகட்டின பார்லியை வடிச்சு ஓக் பீப்பாயில வருஷக்கணக்கா வைக்கிற சிங்கிள் மால்ட் வேற சாதி. பெங்களூரு அம்ருத் கம்பெனி தன்னோட சிங்கிள் மால்ட்டை 2004-ல முதல்ல கொண்டுபோய் வித்தது ஸ்காட்லாந்துல, கிளாஸ்கோவுல. நம்ம வெயிலுக்குப் பீப்பாயிலேர்ந்து ஆவியாப் போறது அங்கத்தை விடப் பல மடங்கு அதிகம். சீக்கிரம் முதிரும், விலையும் ஏறும். இந்த விவரம் தெரிஞ்சாதான், கூடக் கொடுக்கிற காசு எதுக்குன்னு புரியும்.

தெரியாத சரக்கை அறிமுகப்படுத்த, தெரிஞ்சதுலேர்ந்து தொடங்கணும். ஹூண்டாய் 1998-ல இருங்காட்டுக்கோட்டையில கார் தயாரிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து கொரியாக்காரங்க இந்தப் பக்கம் வாழ்றாங்க. அவங்க ஊர்ல மக்கொல்லின்னு ஒண்ணு இருக்கு. அரிசியைப் புளிக்க வச்சு செய்றது, கலங்கலா வெள்ளையா இருக்கும், வீரியம் 6-லிருந்து 8 சதவீதம். நம்மாளுக்குப் புரிய வைக்க "அரிசியில செஞ்ச கள்ளு மாதிரி"ன்னு சொன்னாப் போதும். அந்தக் கள்ளுக்கே தமிழ்நாட்டுல 1987-லிருந்து தடை இருக்குங்கிறது தனிக் கதை.

மூணாவது கேள்விதான் முக்கியம். "எவ்வளவு குடிக்கப் போறீங்க?"

சின்னக் கணக்கு போடுவோம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, வீரியம் 42.8 சதவீதம். அதுல சுத்த ஆல்கஹால் 77 மில்லி. 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டில்ல 32.5 மில்லி. 13 சதவீத ஒயின் ஒரு கிளாஸ், அதாவது 150 மில்லியில, 19.5 மில்லி. ஒரு குவார்ட்டர்ங்கிறது ரெண்டு பெரிய பீரை விட அதிகம், கிட்டத்தட்ட நாலு கிளாஸ் ஒயின். பஸ் வர்றதுக்குள்ள, பார்ல நின்னுக்கிட்டே அதை முடிக்கிறவங்க நிறைய பேருக்கு இந்தக் கணக்கை யாரும் சொன்னதில்ல. விலை மட்டுமே தெரிஞ்சா, குறைஞ்ச காசுல எது சீக்கிரம் ஏறும்ங்கிறது மட்டும்தான் தேர்வா இருக்கும். அதோட விலையைக் கொடுக்கிறது வீட்ல இருக்கிறவங்க.

"அரசாங்கமே சரக்கு சிபாரிசு பண்ணணுமா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. சுவீடனைப் பாருங்க. அங்கயும் 3.5 சதவீதத்துக்கு மேல இருக்கிறதை வீட்டுக்கு வாங்கிட்டுப் போகப் பெரும்பாலும் அரசு நிறுவனம் சிஸ்டம்போலாகெட் கடைதான். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. 20 வயசு ஆகலைன்னா கிடையாது. "ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்" எல்லாம் கிடையாது. எந்த பிராண்டையும் தூக்கிப் பிடிக்கக் கூடாது. ஆனா ஊழியருக்குப் பயிற்சி உண்டு. சாப்பாட்டைச் சொன்னா பொருத்தமானதைச் சொல்வாங்க, ஆல்கஹாலே இல்லாத பாட்டிலையும் எடுத்துக் காட்டுவாங்க. நிறைய விக்கணும்ங்கிற நோக்கம் இல்லாததாலதான் அந்தப் பேச்சை நம்ப முடியுது.

அதனால, அரசுக் கடைங்கிறதால நம்ம ஊர்ல பரிந்துரை இல்லன்னு சொல்ல முடியாது. கவுன்டரை அமைச்ச விதம்தான் காரணம். கடையை இந்த மாசம் எவ்வளவு வித்ததுன்னு மட்டும் அளந்தா, "இன்னைக்கு இது போதும்ணே, லைட்டா ஒரு பீர் எடுத்துக்கோங்க"ன்னு சொல்ற விற்பனையாளர் நஷ்டக் கணக்குல வருவார். என்னைக் கேட்டா நல்ல பரிந்துரைன்னா அதுதான். அதுக்கு முதல் படியா பெரிய செலவு ஒண்ணும் வேண்டாம். கவுன்டர்ல விலைப் பட்டியல் பக்கத்துலயே இன்னும் ரெண்டு கட்டம் போடலாம்: எதுல செஞ்சது, உள்ள எத்தனை மில்லி சுத்த ஆல்கஹால். கியூவுல நிக்கிற நேரத்துல ஒருத்தர் அதைப் படிச்சாலும் அது லாபம்தான்.

இது 21 வயசு ஆனவங்களுக்கான விஷயம். குடிச்சா வண்டியைத் தொடாதீங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.